கடிகாரமும் கண்ணியமும்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



‘ஆட்டமும் அறமும்’ என்னும் பொதுத்தலைப்பில் எனக்கு விருப்பமான ஒரு கூறினை எடுத்துப் பேசுமாறு பணித்தீர்கள். நான் எடுத்துக்கொண்டது போட்டி ஆட்டங்களில் பயன்படும் கடிகாரம். பலகை வைத்து ஆடும் ஆட்டத்தில் கடிகாரம் எவ்வாறு நுழைந்தது, அதற்குரிய விதிகள் யாவை, அவ்விதிகள் ஆடுவோரின் பண்பை வளர்க்கின்றனவா கெடுக்கின்றனவா என்பவையே இன்றைய என் பேச்சின் பொருள். இலக்கிய மேடையில் இதற்கென்ன வேலை என்று சிலர் எண்ணக்கூடும். நம் மொழியின் மிகப் பழைய இலக்கணம் ஆட்டப் பலகைக்கு இடம் கொடுத்திருக்கும்போது, இலக்கிய வட்டம் இடம் கொடுப்பதில் தவறில்லை என்றே கருதுகிறேன்.

வல்லும் நாயும் பலகையும்

தொல்காப்பியம் எழுத்ததிகாரத்துப் புள்ளிமயங்கியலில் ‘வல்’ என்னும் சொல்லுக்கெனப் புணர்ச்சி விதி ஒன்று உண்டு. அச்சொல்லோடு ‘நாய்’, ‘பலகை’ என்னும் சொற்கள் வந்து சேருமிடத்து நிகழும் மாற்றத்தை ஆசிரியர் தனியே எடுத்துக் கூறுகின்றார். வல் என்பது சூதாடு கருவி. நாய் என்பது இங்கு விலங்கன்று. பலகைமீது வைத்து நகர்த்தும் காய். நாய் வளர்ப்புக்குப் பெயர்பெற்ற இராசபாளையத்துக்கு அருகில் நின்று இதனைச் சொல்லும்போது மாணவியர் சிரிப்பது வழக்கம். ஆயினும் இலக்கண ஆசிரியர் ஒருவர் தனி விதி வகுக்க வேண்டிய அளவுக்கு அவ்விரு சொற்களும் மக்கள் வாயில் புழங்கின என்பது கருதத்தக்கது.

புறநானூற்றின் 52ஆம் பாடலில் மருதன் இளநாகனார் ஒரு பாழ்பட்ட பொதியிலைக் காட்டுகின்றார். நரைத்த முதியவர்கள் நாள்தோறும் அமர்ந்து காய்களை வைத்து ஆடியதால் குழிந்துபோன இடம் அது. ஊர் பாழானபின் அக்குழியில் காட்டுக்கோழி முட்டையிட்டுக் கிடக்கின்றது. அரசனின் படைவலிமை பகைநாட்டை என்ன செய்தது என்பதைச் சொல்லப் புலவர் தேர்ந்துகொண்ட காட்சி, ஆட்டம் நின்றுபோன ஒரு பலகை. ஓர் ஊர் உயிரோடிருந்ததன் அடையாளமாக முதியவர்களின் ஆட்டம் அங்கே நிற்கின்றது.

அம்முதியவர்கள் கடிகாரம் வைத்துக்கொண்டு ஆடவில்லை. அவர்களுக்கு அது தேவைப்படவும் இல்லை. இன்றும் நம் தெருத் திண்ணைகளில் தாயம் உருட்டுவோர் ஒருவரையொருவர் ‘சீக்கிரம் போடு’ என்று கடிந்துகொள்வார்களே தவிர நேரம் குறிப்பதில்லை. அறிந்தவர்கள் கூடி ஆடும் ஆட்டத்தில் பொறுமையே கடிகாரமாக இருக்கின்றது. அறியாதவர்கள் எதிரெதிரே அமர்ந்து, பரிசும் பெயரும் வேண்டி ஆடத் தொடங்கும்போதுதான் காலத்தை அளக்க வேண்டிய தேவை பிறக்கின்றது.

திருக்குறளின் பொருட்பாலில் 48ஆம் அதிகாரம் வலியறிதல், 49 காலமறிதல், 50 இடனறிதல். சதுரங்கக் கலையை ஆராய்ந்த மேனாட்டார் அந்த ஆட்டத்தின் அடிப்படைக் கூறுகள் மூன்று என்பர்: படைவலிமை, காலம், இடம். வள்ளுவர் அரசியலுக்கு வகுத்த வரிசையும் ஆட்ட வல்லுநர்கள் கண்ட மூன்றும் ஒத்திருத்தல் வியப்புக்குரியது. அதே வள்ளுவர் 94ஆம் அதிகாரத்தில் சூதினைக் கடிந்து ஒதுக்குகின்றார். காலம் அறிந்து ஆடுவதை ஏற்கும் மனம், பொருளைப் பந்தயம் வைத்துத் தன்னை இழப்பதை ஏற்கவில்லை. இவ்வேறுபாட்டை மனத்தில் வைத்துக்கொண்டு மேலே செல்வோம்.

கடிகாரம் வந்த வழி

1851ஆம் ஆண்டு இலண்டன் மாநகரில் பன்னாட்டுச் சதுரங்கப் போட்டி ஒன்று நடைபெற்றது. இவ்வகைப் போட்டிகளுள் அதுவே முதலாவது என்பர். அப்போட்டியில் நேர வரம்பு இல்லை. ஒருவர் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் சிந்திக்கலாம். எலைஜா வில்லியம்சு என்பவரோடு ஆடிய ஓவார்டு சுடான்டன், எதிராளி அளவுகடந்து தாமதம் செய்வதாகப் பெருங்குறை கூறினார். சிந்தனைக்கும் சோர்வூட்டும் சூழ்ச்சிக்கும் இடையே கோடு கிழிக்க ஒரு கருவி இல்லாத காலம் அது. எதிரில் இருப்பவன் களைத்துப் போகட்டும் என்று ஒருவர் காத்திருந்தால் அதைத் தவறென்று மெய்ப்பிக்க எவராலும் இயலாது.

பத்தாண்டு கழித்து 1861இல் ஆண்டர்சன், கோலிசு ஆகிய இருவரும் ஆடிய போட்டியில் மணற்கடிகை பயன்பட்டது. 1883இல் இலண்டனில் நடந்த போட்டியில் தாமசு பிரைட் வில்சன் அமைத்த இரட்டைக் கடிகாரம் மேசைக்கு வந்தது. ஒரே சட்டத்தில் இரண்டு கடிகாரங்கள். ஒன்று ஓடும்போது மற்றொன்று நின்றுவிடும். ஆடி முடித்தவர் தம் பக்கத்தை நிறுத்துகையில் எதிராளியின் பக்கம் தானே ஓடத் தொடங்கும். பின்னாளில் கடிகார முகத்தில் சிறு கொடி ஒன்று சேர்ந்தது. முள் அக்கொடியை மெல்ல உயர்த்திச் சென்று, குறித்த நேரம் முடியும்போது விழச் செய்யும். ‘கொடி விழுந்தது’ என்னும் வழக்கு இதனால் வந்தது. இன்று கடிகாரங்கள் எண்களைக் காட்டுகின்றன, கொடி மறைந்துவிட்டது, சொல் மட்டும் நிலைத்துவிட்டது.

இக்கருவி ஆடுவோரை விரட்டுவதற்கெனப் பிறந்ததாகப் பலர் எண்ணுகின்றனர். வரலாறு அவ்வாறு கூறவில்லை. பொறுமையாக இருந்தவர் ஏமாறக் கூடாது என்பதற்காகவே அது பிறந்தது. என் நேரம் என்னுடையது, உன் நேரம் உன்னுடையது. ஒருவர் மற்றவருடையதை எடுத்துக்கொள்ள இயலாது. இதனை நம் பகுதி மக்களுக்கு எளிதாக விளக்கலாம். 1936இல் இராசபாளையம் ஆலை தொடங்கிய காலம் முதலாக ஆலைச் சங்கின் ஓசையில் வளர்ந்த வட்டாரம் இது. முறை மாறும் வேளையில் அடுத்த ஆள் வந்து நின்றால்தான் முந்தைய ஆள் இயந்திரத்தை விட்டு நகர முடியும். வரவேண்டியவர் கால்மணி நேரம் பிந்தினால் அந்தக் கால்மணி நேரம் எங்கும் மறைந்துவிடுவதில்லை. எட்டு மணி நேரம் நின்று கால் கடுத்த இன்னொருவரின் உடம்பிலிருந்து அது எடுக்கப்படுகின்றது. நேரம் என்பது இருவருக்கிடையே உள்ள கணக்கு என்பதை நூற்பாலைத் தொழிலாளர்க்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை.

இரக்கமுள்ள விநாடிகள்

பழைய கடிகாரத்தில் ஒரு குறை இருந்தது. ஆட்டத்தில் தெளிவாக வெல்லும் நிலையில் உள்ள ஒருவருக்கு மூன்று விநாடியே எஞ்சியிருந்தால், காயை நகர்த்திக் கடிகாரத்தை அழுத்துவதற்குள் நேரம் முடிந்துவிடும். சிந்தனை தோற்பதற்கு முன் கை தோற்றுவிடும். பாபி பிசர் இதற்கு ஒரு தீர்வு கண்டார். ஒவ்வொரு நகர்த்தலுக்கும் சில விநாடிகளைக் கூட்டித் தரும் கடிகாரத்துக்கு 1989இல் அவர் காப்புரிமை பெற்றார். 1992இல் சுபாசுகியோடு அவர் மீண்டும் ஆடியபோது அக்கடிகாரமே பயன்பட்டது. 2022இல் நம் மாமல்லபுரத்தில் நடைபெற்ற 44ஆவது சதுரங்க ஒலிம்பியாடில் முதல் 40 நகர்த்தல்களுக்கு 90 நிமிடமும், பின்னர் 30 நிமிடமும், முதல் நகர்த்தல் தொட்டே ஒவ்வொன்றுக்கும் 30 விநாடிக் கூடுதலும் வழங்கப்பெற்றன.

நம் தாயத்துக்கு உறவுமுறை சொல்லத்தக்க ஓர் ஆட்டம் மேலை நாடுகளில் உண்டு. பேக்கமன் என்பது அதன் பெயர். பலகையில் 24 முக்கோண வீடுகள், ஆளுக்குப் 15 காய்கள், இரண்டு பகடைகள். உருட்டிய எண்ணுக்கேற்பக் காய்களை ஓட்டி, தன் வீட்டுக்குக் கொணர்ந்து, பின் பலகையை விட்டு வெளியேற்ற வேண்டும். தனித்து நிற்கும் காயை வெட்டலாம். வெட்டுண்ட காய் தொடக்கத்திலிருந்து மீண்டும் வர வேண்டும். தாயம் ஆடியவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை.

அந்த ஆட்டத்தின் போட்டிகளிலும் கடிகாரம் உண்டு. ஆனால் அதன் முறை வேறு. அமெரிக்கப் போட்டிகளில் பரவலாக உள்ள வழக்கம் இது: ஒவ்வொரு முறைக்கும் முதல் 12 விநாடி கணக்கில் சேராது. அதற்குமேல் எடுத்துக்கொண்டால்தான் சேமிப்பு நேரம் குறையும். அச்சேமிப்பும் ஆட்டத்தின் நீளத்தைப் பொறுத்தது. எட்டவேண்டிய புள்ளி ஒன்றுக்கு 2 நிமிடம். 11 புள்ளிக்கு ஆடினால் ஆளுக்கு 22 நிமிடம். சதுரங்கத்தில் கூட்டித் தரும் விநாடியை விரைந்து ஆடிச் சேர்த்து வைக்கலாம். பேக்கமனில் தரும் 12 விநாடியைச் சேர்த்து வைக்க இயலாது. அந்த முறையோடு அது போய்விடும். முன்னது சேமிப்பு, பின்னது அன்றாடப் படி. பகடை எத்தனை முறை உருளும் என்பதை எவரும் முன்கூட்டி அறிய முடியாதாதலின், ஒவ்வோர் உருட்டலுக்கும் உரிய படியை அந்த ஆட்டம் தனித்தனியே தந்துவிடுகின்றது.

இரண்டு முறைகளிலும் உள்ள கருத்து ஒன்றே. மனிதர்க்குக் கை உண்டு. கை நகர நேரம் வேண்டும். அந்நேரத்தை அவரிடமிருந்து பறிக்கலாகாது. அளவை கடுமையாக்கிய பின்னர் அதற்குள் இரக்கத்தையும் வைத்துத் தைத்திருக்கின்றார்கள் எனலாம்.

விதி தொடும் இடம், தொடாத இடம்

இனிக் கண்ணியத்துக்கு வருவோம். சதுரங்க விதிநூல் நுணுக்கமானது. எந்தக் கையால் காயை நகர்த்தினாரோ அந்தக் கையால்தான் கடிகாரத்தை அழுத்த வேண்டும். ஒரு கை நகர்த்த, மறு கை கடிகாரத்தின் மேல் காத்திருத்தல் கூடாது. கடிகாரத்தை ஓங்கி அடித்தல், தூக்குதல், தட்டிவிடுதல் ஆகியவை தண்டனைக்குரியவை. காய்களைச் சாய்த்துவிட்டால் தம் நேரத்திலேயே எடுத்து நிறுத்த வேண்டும். விதிக்குப் புறம்பாக நகர்த்தினால் எதிராளிக்கு 2 நிமிடம் கூடுதலாகத் தரப்படும். வழக்கமான ஆட்டத்தில் அதே பிழையை இரண்டாம் முறை செய்தால் பொதுவாகத் தோல்வி. இவை யாவும் ஒருவர் மற்றவரின் நேரத்தைக் கவராமல் காக்கும் வேலிகள்.

ஆனால் வேலி ஓரிடத்தில் வேண்டுமென்றே நின்றுவிடுகின்றது. ஒருவர் காயை நகர்த்திவிட்டுக் கடிகாரத்தை அழுத்த மறந்துவிட்டார் என்று கொள்வோம். அவருடைய நேரம் ஓடிக்கொண்டே இருக்கும். அருகில் நிற்கும் நடுவர் அதைக் கண்டாலும் சொல்லக் கூடாது. விதி அவர் வாயைக் கட்டியிருக்கின்றது. பார்வையாளரும் சொல்லக் கூடாது. எதிராளியும் சொல்லவேண்டும் என்ற கட்டாயம் இல்லை. அவர் பேசாமல் அமர்ந்து அடுத்தவர் நேரத்தில் தாம் சிந்திக்கலாம். அதில் விதிமீறல் எதுவும் இல்லை. அவ்விடத்தில் உண்மையைச் சொல்ல உலகத்தில் ஒருவருக்கு மட்டுமே உரிமை உண்டு. சொன்னால் இழப்பும் அவருக்குத்தான்.

கல்லூரிகளுக்கு இடையிலான மகளிர் சதுரங்கப் போட்டி ஒன்றுக்கு என் மாணவியரை அழைத்துச் சென்றிருந்தேன். எங்கள் மாணவி ஒருத்தி பதற்றத்தில் கடிகாரத்தை அழுத்த மறந்தாள். எதிரே இருந்த பெண் வேறு கல்லூரியைச் சேர்ந்தவள். அவள் ஒரு கணம் கடிகாரத்தைப் பார்த்தாள். பின்னர் ஒற்றை விரலால் அதைச் சுட்டிக்காட்டினாள். எங்கள் மாணவி அழுத்தினாள்; ஆட்டம் தொடர்ந்தது; இறுதியில் எங்கள் மாணவியே வென்றாள். வெளியே வந்ததும் அப்பெண்ணை அழைத்துவந்த ஆசிரியர் எல்லோர் முன்னிலையிலும் கடிந்துகொண்டார். பிழைக்கத் தெரியாதவள் என்றார். அவள் தலைகுனிந்தபடியே சொன்ன விடை இது: “அவங்க நேரத்துல நான் யோசிச்சு ஜெயிச்சா, அது எப்படி சார் நான் ஜெயிச்சதாகும்?”

ஆசிரியர் மறுமொழி கூறவில்லை. அருகில் நின்ற எனக்கும் அப்போது சொல்வதற்கு ஒன்றும் இல்லை. அறம் பற்றி வகுப்பறையில் நாம் ஆண்டுக்கணக்கில் எடுத்துரைப்பதை அப்பெண் ஒரு விரலால் செய்து காட்டினாள்.

பேக்கமன் ஆட்டத்தில் இக்கேள்வி வேறொரு வடிவில் எழுந்தது. எதிராளி பகடை எண்ணுக்கு மாறாகக் காயைத் தவறாக ஓட்டிவிட்டால் என்ன செய்வது? பழைய விதிப்படி, திருத்தச் சொல்வதும் சொல்லாமல் விடுவதும் மற்றவரின் விருப்பம். தவறு தமக்கு நன்மை தந்தால் வாய்மூடி இருக்கலாம். அண்மை ஆண்டுகளில் பல போட்டிகளில் இவ்விதி மாற்றப்பட்டது. விதிக்கு மாறான நகர்த்தலைக் கண்டால் இருவருமே திருத்தியாக வேண்டும் என்றாயிற்று. முன்னர்க் கண்ணியமாக இருந்தது பின்னர்க் கடமையாக மாறியது. நல்லவர் சிலர் வழக்கமாகச் செய்துவந்ததைக் காலப்போக்கில் விதிநூல் தன்னுள் ஏற்றுக்கொள்கின்றது. அவர்கள் செய்யாதிருந்தால் அவ்விதி பிறந்திராது.

கொடி விழுந்து பெற்ற வெற்றி

நேரம் முடிந்ததால் கிடைக்கும் வெற்றி வெற்றிதானா என்று கேட்பவர்கள் உண்டு. 2008இல் உருசிய நாட்டு நால்ச்சிக் நகரில் நடைபெற்ற மகளிர் உலகப் போட்டியின் முதற் சுற்றில் இக்கேள்வி கூர்மையாக எழுந்தது. போலந்தின் மோனிகா சோச்கோவும் உருமேனியாவின் சபினா பொய்சோரும் மிகக் குறுகிய நேரம் கொண்ட முடிவாட்டத்தை ஆடினர். அவ்வாட்டம் சமன் ஆனால் கருப்புக் காய் கொண்ட பொய்சோரே அடுத்த சுற்றுக்குச் செல்வார். பலகையில் இருவரிடமும் எஞ்சியவை ஓர் அரசனும் ஒரு குதிரையும் மட்டுமே. இயல்பாக ஆடினால் எவரும் வெல்ல இயலாத நிலை. அப்போது பொய்சோரின் நேரம் முடிந்தது. நடுவர் ஆட்டம் சமன் என்றார். சோச்கோ முறையீடு செய்தார். எதிராளியே ஒத்துழைத்தால் அரசனைக் கட்டும் நிலை ஒன்று ஏட்டளவிலேனும் உண்டாகக்கூடும். விதியின்படி அது போதுமானது. முறையீடு ஏற்கப்பட்டது, சோச்கோ முன்னேறினார்.

விதிப்படி அத்தீர்ப்பு சரியானதே. சோச்கோவைக் குறைகூற எவருக்கும் உரிமை இல்லை. கடிகாரமும் ஆட்டத்தின் ஒரு பகுதி என்பதை இருவரும் ஒப்புக்கொண்டே அமர்ந்தனர். நேரத்தைச் செலவிட்டு நல்ல நகர்த்தலைக் கண்டவர், அச்செலவுக்குக் கணக்குக் கொடுக்கத்தான் வேண்டும். ஆயினும் அவ்வாட்டத்தைப் பற்றிப் படிக்கும் எவருக்கும் உள்ளத்தில் ஒரு நெருடல் ஏற்படும். ஒன்று நியாயமாக இருக்கலாம். அதே வேளையில் மனநிறைவு தராமலும் இருக்கலாம். விதியால் நிரப்ப இயலாத அந்த இடைவெளியில்தான் பண்பு என்ற ஒன்று இடம்பெறுகின்றது என்பது என் கருத்து.

நம் மண்ணிலேயே நிகழ்ந்த ஒன்றைச் சொல்கிறேன். மாமல்லபுரம் ஒலிம்பியாடில் 16 வயதுச் சென்னைச் சிறுவர் குகேசு முதல் எட்டு ஆட்டங்களையும் வென்றிருந்தார். பத்தாம் சுற்றில் உசுபெகித்தானின் அப்துசத்தாரோவுக்கு எதிராக வெல்லும் நிலையை எட்டினார். நேர நெருக்கடியில் கை தடுமாறியது, ஆட்டத்தை இழந்தார். உசுபெகித்தான் தங்கம் வென்றது. குகேசின் அணிக்கு வெண்கலம் கிட்டியது. சொந்த மண்ணில், தம்மை நேசிக்கும் மக்கள் நடுவில் நேர்ந்த தோல்வி அது. இருப்பினும் கடிகாரத்தின்மீது எவரும் பழி சுமத்தவில்லை.

2024 திசம்பர் 12ஆம் நாள் சிங்கப்பூரில் அதே குகேசு, திங் லிரெனை 14ஆம் ஆட்டத்தில் வென்று, ஏழரைக்கு ஆறரை என்னும் கணக்கில் உலக வாகையரானார். திங் தம் யானையை நகர்த்திய ஒரு பிழையே முடிவைத் தந்தது. எதிராளி கைகொடுத்து எழுந்த பின்னர்க் குகேசு கண்ணீரோடு செய்த செயலை உலகம் கண்டது. காய்களை ஒவ்வொன்றாக எடுத்து அவற்றின் தொடக்க இடங்களில் நிறுத்தினார். கடிகாரம் நின்றுவிட்டது, கேட்பார் எவருமில்லை, எந்த விதியும் அதைக் கோரவில்லை. அடுத்து ஆட வருபவருக்குப் பலகையை ஆயத்தமாக வைத்துவிட்டு எழுவது சிறுவயதில் பழகிய நல்வழக்கம். பின்னர்ச் செய்தியாளரிடம் பேசியபோது, தோற்ற எதிராளியை உண்மையான வாகையர்போலப் போராடியவர் என்று போற்றினார்.

நம் மேடையும் நம் மணியும்

கவிஞர் பெருமக்களே, இதுவரை கூறியவை ஆட்டக்காரர்களைப் பற்றியவை. இனிக் கூறுவது நம்மைப் பற்றியது. உரிமையோடு சொல்கிறேன், பொறுத்தருள்க.

கவியரங்கத்திலும் கடிகாரம் உண்டு. ஆளுக்கு ஐந்து நிமிடம் என்று அழைப்பிதழில் அச்சிடுகின்றோம். தலைவரின் கையில் மணி உண்டு. மணி அடித்த பின்னும் ‘இறுதியாக ஒன்று’ என்று தொடங்கி மூன்று கவிதைகள் படிப்போரும் உண்டு. நான் பல ஊர்களின் மேடைகளில் இதைக் கண்டிருக்கிறேன். மூத்தவர் என்பதால் தலைவர் மணியடிக்கத் தயங்குவார். அவையோர் கைதட்டுவர், கவிஞர் அக்கைத்தட்டலை ‘இன்னும்’ என்று பொருள்கொள்வார். அது பெரும்பாலும் ‘போதும்’ என்னும் பொருளுடையது என்பதை அவரிடம் சொல்வார் இல்லை.

அவ்வாறு எடுத்துக்கொண்ட பதினைந்து நிமிடம் எங்கிருந்து வந்தது? ஆலை முறை மாற்றத்தைச் சற்று நினைவுகூருங்கள். பட்டியலின் கடைசியில் இருப்பவரிடமிருந்து அது வந்தது. கடைசியில் இருப்பவர் யார்? முதன்முறையாக மேடையேறும் இளைஞர்; பக்கத்துச் சிற்றூரிலிருந்து வந்த பெண்; தையற்கூடத்தில் பகலெல்லாம் உழைத்துவிட்டு, நோட்டுப் புத்தகத்தைப் பையில் வைத்துக்கொண்டு வந்தவர். இராசபாளையத்துக்கும் திருவில்லிபுத்தூருக்கும் கடைசிப் பேருந்து அவருக்காகக் காத்திருப்பதில்லை. ஆண்கள் இருசக்கர ஊர்தியில் போய்விடலாம். அப்பெண் தம் பெயர் அழைக்கப்படுவதற்கு முன்பே எழுந்து சென்றுவிடுவார். மறுநாள் ‘அவர் ஏன் படிக்காமல் போய்விட்டார்’ என்று நாம் கேட்போம். வீட்டில் உள்ளவர்களோ ‘இனிப் போக வேண்டா’ என்பார்கள். ஒரு கவிஞரை நாம் இழந்திருப்போம். அந்த இழப்பு எந்தக் குறிப்பேட்டிலும் ஏறாது.

மகளிர் எழுத வருவதில்லை என்று நாம் குறைபட்டுக்கொள்வதுண்டு. வருகிறார்கள். நாம் அவர்களுடைய நேரத்தை முன்வரிசையில் அமர்ந்து செலவிட்டுவிடுகின்றோம்.

பாரதப் போரின் மூலமான சூதாட்டத்தை எண்ணிப் பாருங்கள். பாரதியார் பாஞ்சாலி சபதத்தில் அந்த அவையை நமக்குக் காட்டினார். அங்கு விதி அறியாதவர் எவரும் இல்லை. நீதி நூல் கற்றவர்கள் நிறைந்திருந்தனர். நிறுத்த வேண்டிய நேரத்தில் நிறுத்துங்கள் என்று சொல்லப் பெரியோர் பலர்க்கு வாய் எழவில்லை. ஒரு பெண்ணே எழுந்து நின்று கேட்க வேண்டியதாயிற்று. அந்த அவையோடு நம் கவியரங்கை நான் ஒப்பிடவில்லை. ஆயினும் அவையில் உள்ளோர் வாய்மூடி இருப்பதும் ஆட்டத்தின் ஒரு பகுதியாகிவிடுகின்றது என்னும் பாடம் இரண்டுக்கும் பொதுவானது.

வட்டத்தின் அடுத்த பத்தாண்டுக்கு மூன்று பரிந்துரைகளை உங்கள்முன் வைக்கிறேன்.

ஒன்று: ஒருவருக்கு உரிய நேரம் எவ்வளவோ அது மூத்தவருக்கும் புதியவருக்கும் ஒன்றே என்று வகுத்துக்கொள்வோம். மேடையில் எல்லோரும் காணுமாறு ஒரு கடிகாரத்தை வைப்போம். மணியடிக்கும் சங்கடம் தலைவருக்கு வேண்டா.

இரண்டு: பேக்கமன் ஆட்டக்காரர்கள் தரும் 12 விநாடியைப் போல, மேடைக்கு நடந்து வருவதற்கும், ஒலிபெருக்கியைச் சரிசெய்வதற்கும், மூச்சை ஒழுங்கு செய்வதற்கும் ஆகும் நேரத்தைக் கவிஞரின் கணக்கில் சேர்க்க வேண்டா. முதல்முறை மேடையேறுபவருக்குக் கை நடுங்கும். அந்த நடுக்கத்துக்கு நாம் படியளப்போம்.

மூன்று: நெடுந்தொலைவு செல்ல வேண்டியவர்களை, சிறப்பாக மகளிரை, முதலில் படிக்கச் செய்வோம். உள்ளூர் மூத்த கவிஞர்கள் நிறைவில் படிக்கட்டும். கடைசியில் படிப்பதைப் பெருமைக்குரிய இடமாக அவர்களே மாற்றிக் காட்ட வல்லவர்கள்.

இம்மூன்றும் விதிகள். விதிகள் ஓரிடத்தில் நின்றுவிடும் என்று முன்னரே சொன்னேன். அதற்கப்பால் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. நம் அருகில் அமர்ந்திருப்பவர் தம் நேரம் போய்க்கொண்டிருப்பதை அறியாமல் இருக்கும்போது விரல் நீட்டிச் சுட்டிக்காட்ட வேண்டும். புதியவர் ஒருவர் தயங்கித் தயங்கிப் படித்து, நேரம் எஞ்சியிருக்கும்போதே இறங்கப் பார்த்தால் ‘இன்னும் நேரம் இருக்கிறது அம்மா, அடுத்ததையும் படியுங்கள்’ என்று சொல்ல வேண்டும். நாம் படித்து முடித்த பின்னர் எழுந்து போய்விடாமல், நமக்குப் பின்னர் வருபவரைக் கேட்க அமர்ந்திருக்க வேண்டும். சதுரங்கக் காய்களை மீண்டும் அவற்றின் இடத்தில் நிறுத்துவதற்கு ஒப்பான செயல் கவிஞர்களுக்கு அதுவே என்று நான் கருதுகிறேன்.

இளநாகனாரின் பொதியிலில் ஆடிய முதியவர்கள் யார் வென்றனர் என்பது நமக்குத் தெரியாது. அவர்கள் அங்கு வந்து அமர்ந்தார்கள் என்பது தெரியும். குழிந்த பலகை அதற்குச் சான்று. செட்டியார்பட்டியில் இவ்வட்டம் பத்தாண்டுகளாக மாதந்தோறும் கூடி வருகின்றது. இன்னும் பத்தாண்டுகள் கழித்து இம்மன்றத்தின் படிகள் தேய்ந்திருக்க வேண்டும். அதைத் தேய்த்த கால்களில் பாதி மகளிருடையனவாக இருக்க வேண்டும் என்பது என் வேட்கை.

எனக்கு அளிக்கப்பெற்ற நேரத்தில் இரண்டு நிமிடம் எஞ்சியிருப்பதாகத் தலைவர் மேசையில் உள்ள கடிகாரம் காட்டுகின்றது. அதனை அடுத்து வரும் கவிஞருக்கு வழங்கி அமைகின்றேன்.